துண்டு வாசிக்கக் கற்றவர்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கைக்குள் எழுத்து முதலில் துண்டு வடிவில்தான் நுழைந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைப்பவருக்குத் தோட்ட நிர்வாகியான துரை எழுதித் தரும் சிறு காகிதம் அது. இன்னாரும் அவர் குடும்பமும் ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணிக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பதே அதன் சாரம். துண்டு இல்லாதவருக்கு அடுத்த தோட்டத்தில் பேர் விழாது. அந்தக் காகிதத்தின் பேரில் குடும்பம் குடும்பமாகக் கை மாறியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. 1921 இல் சட்டம் இந்த முறையை ஒழித்தது. அதே ஆண்டில் கோ. நடேசய்யரை ஆசிரியராகக் கொண்டு ‘தேசநேசன்’ கொழும்பில் வெளிவந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மலையக இதழியலின் கதையை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். தங்களைக் கட்டிவைத்த காகிதங்களை வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்ட ஒரு சமூகத்தில்தான் இந்தத் தொழில் பிறந்தது. ஊடகத் துறைக்குப் போக விரும்பும் மலையகப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கத்தான் வேண்டுமா என்ற இன்றைய கேள்விக்கும் அந்தப் பிறப்பிலேயே பாதி விடை இருக்கிறது.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வணிகப் பாடம் கற்பித்த ஆசிரியர். வணிகம், கணக்குப் பதிவு போன்ற விடயங்களில் தமிழில் நூல் எழுதியவர். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்தார் என்பது பலரும் சொல்லும் செய்தி. அந்த வேடத்தைத்தான் நாம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் உள்ளே எதைப் பார்க்கத் தெரிந்தவராகப் போனார் என்பதுதான். ஒரு கடன் எப்படி வளர்கிறது, கங்காணியின் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று அவர் பெறும் தலைப்பணம் எங்கே நிற்கிறது, அரிசிக்குப் பிடிக்கும் பணம் சம்பளப் பதிவேடான செக்ரோலில் எந்த இடத்தில் மறைகிறது என்பதெல்லாம் கணக்கு தெரிந்த கண்ணுக்கே தட்டுப்படும். இரக்கம் மட்டும் கொண்டு லயத்துக்குள் போனவர் வறுமையைக் கண்டிருப்பார். கணக்காசிரியர் அந்த வறுமை உண்டாக்கப்படும் விதத்தைக் கண்டார். 1924 இல் ‘தேசபக்தன்’ தொடங்கியதும், 1925 இல் சட்டநிரூபண சபைக்குப் போனதும், 1931 இல் ஹட்டனை மையமாக்கி அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும், 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானதும் அந்தக் கண் நடத்திய பயணங்கள்.

நடேசய்யருக்கு இதழியல் பட்டம் இருந்ததா என்று இங்கே ஒருவர் கேட்பார். இல்லை, இருக்கவும் வழியில்லை. உலகின் முதல் இதழியல் கல்லூரி என்று சொல்லப்படும் மிசூரிப் பல்கலைக்கழகக் கல்லூரி 1908 இல்தான் தொடங்கியது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941 இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1947 இலும்தான் இதழியலைப் பாடமாக்கின. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியே 1921 இல்தான் திறந்தது. ஆனால் அவருக்கு முன்னும் அவர் காலத்திலும் தமிழில் பத்திரிகை நடத்தியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ‘சுதேசமித்திரன்’ தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர். பாரதி 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு அந்தப் பத்திரிகைக்குப் போனார். திரு.வி.க. வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டு 1917 இல் சென்னை ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். தமிழ் இதழியலுக்குத் தனிக் கல்லூரி இல்லாத காலத்தில் பள்ளிக்கூடமே அதன் பயிற்சிக் களமாக இருந்தது. மொழியை ஒழுங்காக எழுதுவது, சிக்கலான ஒன்றைத் தெரியாதவருக்கு விளங்கச் சொல்வது, சொன்னதற்குப் பொறுப்பேற்பது ஆகிய மூன்றையும் வகுப்பறை பழக்கியிருந்தது. ஆகவே அந்த முன்னோடிகள் படிக்காமல் சாதித்தவர்கள் என்று காட்டப்படுவது பிழை. தங்கள் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சியோடுதான் அவர்கள் வந்தார்கள்.

மலையகத்தின் துயரம் இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பத்திரிகையாளர்களைத் தந்த அந்த ஆசிரிய வர்க்கம் தோட்டங்களில் உருவாக விடப்படவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத படிப்பு. கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் பிள்ளை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடும். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது தோட்டம் என்பதால் துரையின் கணக்கைக் கேள்வி கேட்கும் நிலையில் அவர் இல்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பலன் இந்தப் பாடசாலைகளை எட்டவில்லை. 1960, 61 இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் இவை வெளியே விடப்பட்டன. 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய பொறுப்பேற்பு 1980 அளவில்தான் முடிந்தது. கணக்கிட்டுப் பாருங்கள். 1977 இல் அரசு பொறுப்பேற்ற ஒரு தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, எல்லாம் நல்லபடியாக நடந்தால், உயர்தரப் பரீட்சை எழுதும்போது ஏறக்குறைய 1990 ஆகியிருக்கும். இவ்வளவுக்கும் 1952 முதல் பேராதனைப் பல்கலைக்கழகம் அதே மலைகளின் அடிவாரத்தில் இருந்துகொண்டிருந்தது.

வகுப்பறை இல்லாத இடத்தில் செய்தி எப்படிப் பரவியது என்பதற்கு நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் சாட்சி. அவர் பாட்டெழுதினார், கூட்டங்களில் பாடினார், 1940 இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். வாசிக்கத் தெரியாதவர் கேட்டு மனனம் செய்யலாம். மனனம் செய்தவர் லயத்துக்குப் போய்ப் பாடலாம். இதை வெறும் பிரசாரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கேட்பவரின் நிலை அறிந்து வடிவத்தைத் தேர்வது தொடர்பாடலின் முதல் பாடம். இன்று அதைப் பாடநூலில் படிக்கிறோம்; மீனாட்சி அம்மாள் மேடையில் நின்று கண்டுபிடித்தார். ஆனால் பாட்டால் முடியாத காரியமும் உண்டு. 1948, 49 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டங்கள் அதைக் காட்டின. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இத்தனை ஆண்டு இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தேன் என்று காகிதத்தால் நிறுவ வேண்டும், குறித்த காலத்துக்குள் நிறுவ வேண்டும். துண்டு போய்விட்டது, ஆனால் காகிதத்தின் ஆட்சி போகவில்லை. படிவத்தில் எந்த இடத்தில் எது எழுதப்படாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று லயம் லயமாக விளக்கும் செய்தியாளர்கள் நூறு பேர் அன்று இருந்திருந்தால் சட்டத்தின் நோக்கம் மாறியிருக்காது. சில ஆயிரம் குடும்பங்களாவது தப்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

1960களில் நிலைமை கொஞ்சம் மாறியது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகளில் படித்து வெளிவந்த இளைஞர்கள் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள். இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் அவர்களைச் சுற்றி ஓர் எழுச்சியை உருவாக்கினார்கள். கண்டியிலிருந்து ‘மலைமுரசு’ வந்தது. கொழும்பில் 1930 இல் தொடங்கிய ‘வீரகேசரி’யிலிருந்து எஸ்.எம். கார்மேகம் மலையக எழுத்தாளர்களுக்கு இடம் திறந்துவிட்டார். சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971 இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுதியாயின. பின்னர் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘மாவலி’, 80களில் ‘தீர்த்தக்கரை’, ‘குன்றின் குரல்’, அந்தனி ஜீவாவின் ‘கொழுந்து’ என்று அந்த வரிசை நீண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தலைமுறை இடைவெளியில் இதழ் நடந்து வருவதை இந்த வரலாறு காட்டுகிறது. இன்னொன்றும் கவனத்துக்குரியது. இந்தத் தலைமுறையில் மலையகம் பத்திரிகைக்குள் செய்தியாக நுழைந்ததைவிடச் சிறுகதையாகவே அதிகம் நுழைந்தது. இதற்குக் கலை ஆர்வம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. செய்திக்குப் பெயர் வேண்டும், தோட்டம் வேண்டும், தேதி வேண்டும். பெயர் அச்சில் வந்த தொழிலாளி மறுநாள் அதே கணக்கப்பிள்ளையின் முன் பெரட்டில் நிற்க வேண்டும். கதையில் தோட்டத்துக்குக் கற்பனைப் பெயர் வைக்கலாம், துரைக்கு முகம் தராமல் விடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஆளைக் காப்பாற்ற அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த வழி அது. மலையகச் சிறுகதையின் வளத்தைக் கொண்டாடும்போது, செய்தியாக வெளிவந்திருக்க வேண்டிய எத்தனையோ விடயங்கள் அதற்குள் அடைக்கலம் புகுந்தன என்பதையும் நாம் எண்ண வேண்டும். செய்தி தரும் ஆளின் அடையாளத்தைக் காத்துக்கொண்டே உண்மையை நிறுவும் முறைகள் இதழியலில் உண்டு. அவை கற்றுப் பழகி வருபவை.

தொழிற்சங்கப் பத்திரிகைகள் இருந்தனவே, அவை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் மலையகத்துக்கு அச்சில் குரலே இருந்திருக்காது. அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் சங்கம் நடத்தும் இதழ் துரையின் கணக்கைக் கேட்கும், சங்கத்தின் கணக்கைக் கேட்காது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சந்தா பிடிக்கப்படுகிறது. அந்தப் பணம் எங்கே போகிறது, எந்தத் தீர்மானம் யார் சம்மதத்தோடு எடுக்கப்பட்டது என்று எழுத வேண்டியவர் சங்கத்தில் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். நடேசய்யர் ஒருவரே தலைவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. அதையே என்றைக்குமான முன்மாதிரியாக எடுத்துக்கொண்டதால் மலையக இதழியல் நெடுங்காலம் மேடையின் நீட்சியாகவே இருந்துவிட்டது. சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் கட்சிக்கும் வெளியே, தன் கல்வித் தகுதியின் பலத்தில் நிற்கக்கூடிய செய்தியாளரை உருவாக்கும் வாய்ப்பு பல்கலைக்கழகத்துக்குத்தான் அதிகம். இதுவே என் வாதத்தின் நடுநரம்பு.

இந்தத் தேவை பழங்கதையாகிவிடவில்லை. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கையெழுத்தானதும் 730 ரூபா என்ற தொகை எங்கும் பேசப்பட்டது. ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்குக்கு 30. வேலைக்கு வரும் நாள் குறைந்தாலோ, நிர்ணயித்த கிலோ கொழுந்து பறிக்கப்படாவிட்டாலோ அன்று 730 கையில் வராது. ஊழியர் சேமலாப நிதிக்கும் அடிப்படைச் சம்பளமே கணக்காக இருந்தது. மழைக்காலத்தில் நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ ஒரு பெண் உண்மையில் எவ்வளவு வாங்குவார், ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் என்ன நிற்கும் என்று எழுத ஒப்பந்தத்தை முழுக்க வாசிக்க வேண்டும், அதன் சட்ட மொழியைப் பிரிக்க வேண்டும், சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தலைவர்களின் அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்பும் நிருபருக்கு இது ஆகாது. அவரிடம் திறமை இல்லாததால் அல்ல, யாரும் அவருக்கு இதைக் கற்றுத் தராததால். அன்றைய துண்டுக்கும் இன்றைய சம்பளச் சீட்டுக்கும் நடுவில் நூறாண்டு ஓடிவிட்டது. இரண்டையும் வாசிக்கத் தேவைப்படும் திறன் ஒன்றுதான்.

அப்படிக் கற்றுத் தரும் இடங்கள் இலங்கையில் இன்று இருக்கின்றன. களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் ஒரு துறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளுக்குத் துறை இருக்கிறது. 2004 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் டிப்ளோமாப் பயிற்சி தந்தது. பாடசாலையிலேயே ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ உயர்தரப் பாடமாக இருக்கிறது. ஆனால் பாடசாலைக்கு மேல் படிக்க நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளை இவற்றில் எதைத் தேர்ந்தாலும் வீட்டை விட்டு வெகுதூரம் போக வேண்டும். மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் நியாயத்தில் இதுவும் ஒரு பகுதி.

பெற்றோரின் தயக்கத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழுந்து பறித்த கூலியில் ஒரு பிள்ளையை மூன்று நான்கு ஆண்டுகள் படிக்க வைக்கும் குடும்பம், முடிவில் ஆசிரியர் நியமனம் போன்ற உறுதியான ஒன்றை எதிர்பார்ப்பது இயல்பு. பிரதேச நிருபரின் நிலை எல்லோருக்கும் தெரியும். வெளிவரும் செய்திக்கு மட்டும் சிறு தொகை, அலைச்சலுக்கும் தொலைபேசிக்கும் சொந்தப் பணம். அதனால் கடை வைத்திருப்பவரும் பாடசாலையில் கற்பிப்பவருமே உபதொழிலாக இதைச் செய்ய முடிகிறது. பட்டம் இதை ஒரே நாளில் மாற்றிவிடாது. ஆனால் பட்டத்தின் பயனை ஒரு நிறுவனத்து வேலையோடு மட்டும் நிறுத்திப் பார்க்கவும் கூடாது. தொழிற்சட்டமும் புள்ளிவிவரமும் சிங்களத்தில் நேர்காணும் திறனும் கற்ற ஒருவர் செய்தியறையிலும் பணியாற்றலாம், ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றலாம், உள்ளூராட்சி சபையின் வரவு செலவையும் கேள்வி கேட்கலாம். எனவே மாணவர் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது கெமராவும் ஸ்டூடியோவும் எப்படி இருக்கின்றன என்று கேட்பதற்கு முன், அங்கே சட்டமும் பொருளாதாரமும் மும்மொழிப் பயிற்சியும் உண்டா என்று கேட்க வேண்டும். அவை இல்லாத ஊடகப் படிப்பு, குரல் வளமுள்ள அறிவிப்பாளரைத் தரலாம். மலையகத்துக்குத் தேவையான செய்தியாளரைத் தராது.

கையில் போன் உள்ள எவரும் செய்தியாளர்தானே என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. போன் ஒரு பெரிய விடுதலை. லயத்தில் தீப்பிடித்தால் அரை மணி நேரத்தில் உலகமே பார்க்கிறது, அத்துமீறல் சட்டம் காத்த மதில் இடிந்துவிட்டது. ஆனால் 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். லய வரிசைகள் புதைந்தன. நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று முதல் நாள் சொல்லப்பட்டது. அடுத்தடுத்த நாள்களில் அந்த எண்ணிக்கை பலமுறை மாறி மிகவும் குறைந்தது. அங்கே இருந்தவர் யார், இறந்தவர் யார், பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பியது யார் என்று பெயர் பெயராக உறுதிசெய்வதே அன்று மிகக் கடினமான செய்திப் பணி. படம் எடுக்கப் பலர் இருந்தார்கள். தோட்டப் பதிவேட்டையும் வாக்காளர் பட்டியலையும் பாடசாலை இடாப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உறவினரின் துயரத்தைக் கிளறாமல் கேட்டு, ஓர் எண்ணிக்கையை நிறுவுவதற்குப் பழக்கப்பட்டவர்கள்தான் தேவைப்பட்டார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை கூடச் சரியாகச் சொல்லப்படாத சமூகமாக இருப்பது பெரிய அவமரியாதை.

இந்தப் பாடத்திட்டத்துக்கு வேண்டிய மூலப்பொருள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சாரல் நாடன் பழைய ஏடுகளைத் தேடித் தேடி ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’, ‘பத்திரிகையாளர் நடேசய்யர்’ என்ற நூல்களை எழுதி வைத்தார். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்திருக்க வேண்டிய வேலையை வேலை முடிந்த நேரத்தில் ஒரு தனிமனிதர் செய்தார். ‘தீர்த்தக்கரை’யும் ‘குன்றின் குரல்’ இதழ்களும் நூலகம் எண்ணிம நூலகத்தில் யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கின்றன. ஊடகக் கற்கை முதலாண்டு மாணவி ஒருத்தி தன் முதல் ஒப்படைக்காக 1980களின் இதழ் ஒன்றிலிருந்து ஒரு சம்பளச் செய்தியை எடுக்கட்டும். அதே தோட்டத்தின் இந்த மாதச் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைக்கட்டும். இரண்டிலும் எந்த வரியில் எவ்வளவு பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, சீட்டுக்குரிய அம்மாவிடம் போய் அதை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்கட்டும்.